எரிமலை ஏறினோம்... 'தாத்தா'வைத் தொலைச்சோம்!

செமஸ்டர் எப்படிப் போகுது? 'அதைப் பத்தி மட்டும் பேசாதே'னு நீங்க முறைக்கிறது தெரியுது. சரி, பேசலை. இந்த வாரம் மலை ஏறப் போகலாம், வாங்க. அதுவும் சாதா மலை இல்லை பாஸ்... நெருப்புக் குழம்பு உறைஞ்சு உருவான மலை!

அதுக்கு முன்னாடி என் ஊரைப் பத்தி ரெண்டு வரி. திருமழிசை. பூந்தமல்லி தாண்டி திருவள்ளூர் ரூட்ல வரணும். பெரியவங்ககிட்ட பேரைச் சொன்னா, 'ஆழ்வார் பிறந்த ஊரா!'னு கையெடுத்துக் கும்பிடுவாங்க. வேலைக்குப் போறவங்ககிட்ட சொன்னா, 'சிட்கோ எஸ்டேட்டா?'னு கேப்பாங்க. 2020-ல கொரோனா நேரத்துல கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டே கொஞ்ச நாள் எங்க ஊருக்குத்தான் குடிவந்துச்சு. ஆக, எங்க ஊர்ல சாமி உண்டு, கம்பெனி உண்டு, ஒரு காலத்துல மலை மலையா வெங்காயமும் உண்டு. நிஜ மலை மட்டும்தான் கிடையாது! தரை அப்படியே தோசைக்கல். கொஞ்சம் உசரத்துல நின்னு காத்து வாங்கணும்னா செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குத்தான் போகணும்.

இப்படிப்பட்ட ஊர்ல பிறந்த ஒருத்தன், மூணாவது வருஷ மெக்கானிக்கல் ஸ்டூடன்ட், இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு புனே போறான். வெள்ளி, சனி ரெண்டு நாளும் ஃபேக்டரி. ஞாயித்துக்கிழமை ஃப்ரீ. 'சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் ஸ்டேஷன்ல இருக்கணும்'னு சார் சொல்லிட்டார். கையில பன்னிரண்டு மணி நேரம் இருந்தா என்ன பண்ணுவான்? மலைக்குக் கிளம்புவான்!

கிளம்பினது நாலு பேர். நான். அப்புறம் 'லீடர்'. எல்லாத்துக்கும் பிளான் போடுவான், எதையும் செக் பண்ண மாட்டான். மூணாவது 'கூகுள்'. எதைக் கேட்டாலும் பதில் சொல்வான், பாதி தப்பா இருக்கும். நாலாவது 'தாத்தா'. ஹாஸ்டல்ல மூணாவது மாடிக்கு ஏறும்போது ரெண்டாவது மாடியிலேயே நின்னு மூச்சு வாங்குவான். அதனால ஃபர்ஸ்ட் இயர்லயே வெச்ச பேர். வெச்சது நான்தான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

எரிமலைன்னா கூம்பு எங்கே?

நாங்க போனது சிம்மகட். புனேயில இருந்து சுமார் 30 கிலோமீட்டர். கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1,300 மீட்டர் உயரம். நம்ம பசங்களுக்கு சண்டேன்னா பீச் மாதிரி, புனே பசங்களுக்கு சண்டேன்னா சிம்மகட். மழைக்காலத்துல கேக்கவே வேணாம். சிட்டி பஸ் பிடிச்சு அடிவாரத்துல இறங்கினா, அத்கர்வாடிங்கிற கிராமத்துல இருந்து ஒத்தையடிப் பாதை செங்குத்தா ஏறுது. அங்கிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 600 மீட்டர் ஏத்தம். பழகினவங்க ஒரு மணி நேரத்துல முடிச்சிடுறாங்க. (எங்களுக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேக்காதீங்க, சொல்றேன்.)

'எரிமலைன்னா மேல ஓட்டை போட்ட கூம்பு மாதிரி இருக்கணுமே மச்சி?'னு லீடர் கேட்டான். நியாயமான டவுட். நாம படத்துல பாக்குற எரிமலை, ஒரு வாய் வழியாக் கக்குற எரிமலை. சஹ்யாத்ரி மலைகள் உருவான கதையே வேற. சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி, தரையில நீள நீளமா விரிசல் விட்டு, அது வழியா எரிமலைக் குழம்பு பொங்கி வழிஞ்சிருக்கு. ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒரு அடுக்கு ஆறும், அது மேல அடுத்த அடுக்கு வந்து பரவும். கல்யாண வீட்டுல தோசை மேல தோசையா அடுக்குவாங்களே, அதேதான். இன்னிக்கு மிச்சமிருக்கிற அந்தப் பாறைப் பரப்பு மட்டும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். நம்ம தமிழ்நாட்டை கிட்டத்தட்ட நாலு தடவை உள்ளே வைக்கலாம்! சில இடங்கள்ல கனம் ரெண்டு கிலோமீட்டரைத் தாண்டுது.

அப்புறம் கோடிக்கணக்கான வருஷம் மழையும் ஆறும் அரிச்சு அரிச்சு, மிச்சம் நிக்கிறதுதான் இந்த மலைகள். அதனாலதான் தூரத்துல இருந்து பார்த்தா மலை படிப்படியா இருக்கு. 'டெக்கான் டிராப்'னு ஜியாலஜியில சொல்றாங்களே, அந்த 'டிராப்' நம்மளை மாட்டிவிடுற டிராப் இல்லை. ஸ்வீடன் மொழியில படிக்கட்டைக் குறிக்கிற வார்த்தையில இருந்து வந்தது. கூகுள் இதை மட்டும் கரெக்ட்டா சொன்னான். ஆச்சரியம்!

ரயில்ல வரும்போது சோலாப்பூர் பக்கம் ஜன்னல் வழியா கன்னங்கரேல்னு மண்ணு பார்த்தோம். அதுவும் இதே குழம்பு உறைஞ்ச பாறை பொடியாகி வந்த மண்ணுதான். எட்டாம் கிளாஸ்ல 'கரிசல் மண் பருத்திக்கு ஏற்றது'னு மனப்பாடம் பண்ணி எழுதினோமே... அதுக்குப் பின்னாடி ஒரு எரிமலை இருந்ததை யாராவது சொல்லியிருந்தா, இன்னும் ரெண்டு மார்க் எக்ஸ்ட்ரா வாங்கியிருப்பேன்.

இன்னொரு மேட்டர். அந்தக் குழம்பைக் கக்கின பூமியோட 'அடுப்பு' இப்போ எங்கே இருக்கு தெரியுமா? இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்து வந்துடுச்சு, அடுப்பு அங்கேயே நின்னுடுச்சு. இன்னிக்கு அது இந்தியப் பெருங்கடல்ல, ரீயூனியன் தீவுக்கு அடியில இருக்கிறதா பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அங்கே இருக்கிற எரிமலை இப்பவும் அடிக்கடி வெடிக்குது. அந்தத் தீவுல யார் இருக்காங்க? 19-ம் நூற்றாண்டுல கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிப்போன நம்ம தமிழர்களோட வாரிசுகள்! கோயில் கட்டி, காவடி எடுத்து, தீ மிதிச்சிட்டு இருக்காங்க. எங்கே சுத்தினாலும் நம்மாளு ஒருத்தர் இருக்கார் பாருங்க!

'நீ மெதுவா வா மச்சி!'

சரி, மலைக்கு வருவோம். ஆகஸ்ட் மாசம். சாரல். பத்தடிக்கு முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாத மூடுபனி. பாறையெல்லாம் பாசி. எங்க டிரெஸ் கோடைப் பார்த்தா சிரிப்பீங்க. லீடர் ஃபார்மல் ஷூ (ஃபேக்டரி விசிட்டுக்குப் போட்டது), நான் ரப்பர் செருப்பு, நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஒரு லிட்டர் தண்ணி பாட்டில். எங்களைத் தாண்டி ஒரு பாட்டி தலையில சுமையோட சரசரன்னு ஏறிப் போனாங்க. சின்னச் சின்ன மண் கலயங்கள்ல உறைய வெச்ச தயிர். மலை மேல விக்கிறதுக்காம். வேலைக்குப் போற மாதிரி போறாங்க. நாங்க ஓரமா நின்னு வழிவிட்டோம், வேற வழி?

பாதி தூரத்துல தாத்தா உக்காந்துட்டான். 'ரெண்டு நிமிஷம்டா'ன்னான். ரெண்டு நிமிஷம் நின்னோம். மறுபடி நூறடி. மறுபடி உக்காந்தான். 'என்னடா, பென்ஷன் வாங்குற வயசா?'னு நான் கலாய்ச்சேன். அவனும் சிரிச்சான். மூணாவது தடவை உக்காந்தப்போ லீடர் வாட்சைப் பார்த்தான். 'நீ மெதுவா வா மச்சி. பாதை ஒண்ணுதானே, மேல பாக்கலாம்'னான். தாத்தா தலையாட்டினான். வாயைத் திறந்து எதுவும் சொல்லலை.

நாங்க மூணு பேரும் கிளம்பிட்டோம். அவ்வளவு ஈஸியா!

உச்சியில புனே தர்வாஜான்னு கோட்டை வாசல். உள்ளே நுழைஞ்சா திருவிழாதான். வெங்காய பஜ்ஜி, சுடச்சுட பாக்ரி ரொட்டி, தொட்டுக்க கடலை மாவுல பண்ற பிட்லா, கலயத்துத் தயிர். சுத்திப் பார்க்க நிறைய இருக்கு. 1665-ல புரந்தர் ஒப்பந்தத்துல மொகலாயர்கிட்ட போன கோட்டை இது. 1670 பிப்ரவரி 4-ம் தேதி ராத்திரி, தானாஜி மாலுசரேங்கிற தளபதி செங்குத்தான பாறைப் பக்கமாவே கயிறு போட்டு ஆட்களை ஏத்தி, கோட்டையைப் பிடிச்சார். ஆனா, சண்டையில அவர் உயிர் போயிடுச்சு. கோட்டை கிடைச்சும் சிங்கத்தை இழந்துட்டோமேன்னு சிவாஜி வருத்தப்பட்டதா இன்னிக்கும் அங்கே சொல்றாங்க. தானாஜியோட நினைவுச்சின்னமும் மேலேயே இருக்கு.

அந்த ஆள் ஏறின பாறையை எட்டிப் பார்த்தோம். வெறும் வெள்ளைப் பனி. கீழே எவ்வளவு ஆழம்னே தெரியலை. எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. அப்பத்தான் கூகுள் கேட்டான், 'டேய், தாத்தா இன்னும் வரலையா?'

மணி பார்த்தோம். நாங்க அவனை விட்டுட்டு வந்து ஒரு மணி நேரம். போன் போட்டா டவர் இல்லை. வாசல்ல போய் நின்னோம். யார் யாரோ வந்தாங்க, அவன் வரலை. பத்து நிமிஷம்... பதினஞ்சு நிமிஷம்... பஜ்ஜி எனக்குத் தொண்டையிலேயே நின்னுடுச்சு. அவனுக்கு இந்தி தெரியாது. கையில தண்ணி பாட்டில் கிடையாது, அதை நாங்கதான் மேல கொண்டுவந்துட்டோம். அவங்க அம்மா ரயில்வே ஸ்டேஷன்ல என் கையைப் பிடிச்சு, 'தம்பி, அவனைப் பார்த்துக்கப்பா'ன்னு சொன்னது அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

இறங்கினோம். ஏறினதைவிட இறங்குறது டேஞ்சர்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. என் ரப்பர் செருப்பு ஒரு பாறையில வழுக்கி, ரெண்டு முழங்கையும் சிராய்ப்பு. வர்றவங்க எல்லார்கிட்டயும் 'ப்ளூ ஷர்ட், கண்ணாடி'னு சைகையில கேட்டுக்கிட்டே இறங்கினோம். கடைசியில ஒருத்தர் கீழே கையைக் காட்டினார்.

ஒரு தார்ப்பாய்க் கடை. மோர் விக்கிற பாட்டி. அவங்க பக்கத்துல கோணிப்பையைப் போர்த்திக்கிட்டு தாத்தா. ரெண்டு தோளும் மேலேயும் கீழேயும் ஏறி இறங்குது. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் மாதிரி சத்தம். பாட்டி கையில வெந்நீர் டம்ளர். எங்களைப் பார்த்ததும் ஆரம்பிச்சாங்க பாருங்க... எனக்கு மராத்தியில ஒரு வார்த்தை தெரியாது. ஆனா, அன்னிக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது.

அவன் மேல ஏற எழுந்தப்போ எல்லாம் பாட்டிதான் பிடிச்சு உக்கார வெச்சிருக்காங்க. விட்டிருந்தா ஏறியிருப்பான். எங்களுக்காக!

அப்புறம் புனே காலேஜ் பசங்க ரெண்டு பேர் அவன் பேகை வாங்கிக்கிட்டாங்க. பத்தடிக்கு ஒருமுறை நின்னு நின்னு கீழே வந்தோம். ஜீப் பிடிச்சு, சிட்டியில முதல்ல கண்ணுல பட்ட கிளினிக். நெபுலைசர் வெச்சதும் அரை மணி நேரத்துல மூச்சு ஒழுங்காச்சு. 'ஆஸ்துமா இருக்கிறவர், குளிர்ல, ஈரத்துல, இன்ஹேலர் இல்லாம மலை ஏறலாமா?'னு டாக்டர் இங்கிலீஷ்ல கேட்டார். அவனுக்கு ஆஸ்துமா இருக்கிறதே எங்களுக்கு அப்பத்தான் தெரியும். மூணு வருஷமா ஒரே ரூம்!

ரயில்ல ராத்திரி மெதுவா கேட்டேன், 'ஏன்டா இன்ஹேலரை எடுத்துட்டு வரலை?'

'எடுத்துட்டுத்தான் வந்தேன். லாட்ஜ்ல பேக்ல இருந்துச்சு. மலைக்குக் கொண்டுவந்தா நீங்க அதுக்கும் ஒரு பேர் வெப்பீங்க.'

ஃப்ரெண்ட்ஸ், நான் இதுவரைக்கும் எத்தனையோ பல்பு வாங்கியிருக்கேன். இதுக்கு மட்டும் பதில் வரலை. பேர் வெச்சவன் நான்தானே.

மலைக்கு முன்னாடி ஒரு மாடிப்படி

இதைச் சொல்லி, 'அதனால மலைக்கே போகாதீங்க'ன்னு பிரசங்கம் பண்ண மாட்டேன். போங்க. கண்டிப்பாப் போங்க. ஆனா, போறதுக்கு முன்னாடி நாலு விஷயம்.

ஒண்ணு. கிளம்புறதுக்கு முந்தின நாள் எல்லாரும் உக்காந்து பேசுங்க. யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு ஃபிட்ஸ், யாருக்கு உயரம்னா தலை சுத்தும்... கேளுங்க. சிரிக்காமக் கேளுங்க. சிரிச்சா யாரும் சொல்ல மாட்டாங்க.

ரெண்டு. மெதுவா நடக்கிறவர் முன்னாடி, வேகமா நடக்கிறவர் கடைசி. குரூப்போட வேகம்னா அது மெதுவா நடக்கிறவரோட வேகம்தான். யாரையும் தனியா விட்டுட்டுப் போகாதீங்க. ஒருத்தர் திரும்பணும்னா, கூட ஒருத்தராவது திரும்பணும்.

மூணு. தண்ணி ஆளுக்கு ஒரு பாட்டில். மருந்து பேக்ல இல்லை, பாக்கெட்ல. கால்ல கிரிப் இருக்கிற ஷூ. (ரப்பர் செருப்புப் பார்ட்டிகள் என் முழங்கையைப் பார்க்கவும்.)

நாலு. உச்சி எங்கேயும் ஓடிப்போகாது. 'இத்தனை மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடணும்'னு முன்னாடியே ஒரு டைம் ஃபிக்ஸ் பண்ணிடுங்க.

நம்ம ஊர்லயும் பாடம் இல்லாம இல்லை. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போய், காட்டுத்தீயில சிக்கி 20-க்கும் மேற்பட்டவங்க உயிரை விட்டாங்க. நம்ம சென்னையில இருந்து போனவங்களும் அதுல உண்டு. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச வருஷம் ஆன, நம்ம அண்ணன் அக்கா வயசுக்காரங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனியா விதிமுறைகளே வந்துச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை பக்கத்துல இருந்து 'டிரெக் தமிழ்நாடு' ஆரம்பிச்சாங்க. மாநிலம் முழுக்க 40 பாதை. ஆன்லைன்ல புக் பண்ணணும், வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீ சீஸன்ல மூடிடுவாங்க. 'எங்களுக்கு வழி தெரியும் பாஸ்'னு அந்த நேரத்துல குறுக்கு வழியில காட்டுக்குள்ள நுழையுறது கெத்து இல்லை. அந்த 40-ல ஒண்ணு நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலயே இருக்கு: பூண்டி பக்கம் குடியம் குகை. கற்கால மனுஷன் சுத்தின ஏரியா. திருமழிசையில இருந்து காலையில கிளம்பினா போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்.

'நெருப்புல உருவான மலைதான் வேணும்'னு அடம் பிடிக்கிறவங்களுக்கும் ஒரு சாய்ஸ் இருக்கு. பரங்கிமலை! சிரிக்காதீங்க. அது எரிமலை இல்லைதான். குழம்பு வெளியே வழிஞ்சு உருவானது இல்லை, பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துல, பயங்கரமான சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்த பாறை. வயசுல சிம்மகட்டை எல்லாம் 'தம்பி'ன்னு கூப்பிடும். அது பிறந்து சில கோடி இல்லை, சுமார் 250 கோடி வருஷம்! கொல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்கோட கல்லறைக்கல், இந்த வகைப் பாறைதான். அதனால தாமஸ் ஹாலண்டுங்கிற புவியியலாளர் இதுக்கு 'சார்னோகைட்'னு பேர் வெச்சார். அந்தப் பேருக்கே ஒரிஜினல் சாம்பிள் நம்ம பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் இருக்கிற கல்லுதான். தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்னு போர்டு வேற இருக்கு. நாம அதுக்குப் பக்கத்துலயே எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தொங்கிக்கிட்டுப் போயிட்டு இருக்கோம்.

போன ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேரும் பரங்கிமலைப் படி ஏறினோம். லீடர் பிளானும் போட்டான், செக்கும் பண்ணினான் (சூரியன் எந்தப் பக்கம் உதிச்சதோ!). தண்ணி நாலு பாட்டில். இன்ஹேலர் பாக்கெட்ல, அதுக்கு யாரும் பேர் வைக்கலை.

'தாத்தா'ங்கிற பேரை விட்டுடலாம்டான்னு நான்தான் ஆரம்பிச்சேன். அவன் யோசிச்சான். 'பேர் இருக்கட்டும்டா, பழகிடுச்சு. ஆனா, இனிமே நான்தான் முன்னாடி நடப்பேன்'னான்.

முன்னாடி நடந்தான். பாதியில நின்னான். நாங்களும் நின்னோம். ஏர்போர்ட்ல இருந்து ஒரு ஃப்ளைட் கிளம்புறதை முழுசாப் பார்த்தோம். அவன் 'போலாம்'னு சொன்னதுக்கு அப்புறம்தான் அடுத்த படி.

சரி ஃப்ரெண்ட்ஸ்... உங்க கேங்ல மூணாவது மாடி ஏறும்போது மூச்சு வாங்குற ஆள் யாரு? இந்த வாரம் ஒருதடவை அவங்ககூட நடந்து பாருங்க. அவங்க ஸ்பீடுல.

அடுத்த வாரம் பார்ப்போமா? டாட்டா!